சத்தம் போட்ட சட்டிகள்

வடக்குத் தீவொன்றில், மடத்துவெளிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் இலட்சுமிப்பிள்ளை ரீச்சரின் சித்திரப் பாடம் ஆண்டுதோறும் ஒரே மாதிரித்தான் நடந்தது. முதலாம் தவணைக்கு மாம்பழம், இரண்டாம் தவணைக்கு விரித்த குடை, மூன்றாம் தவணைக்கு வீடும் பனையும். கரும்பலகையில் கீறிவிட்டு வாங்குகளுக்கு இடையில் நடப்பாள். கோடு கோணினால் "அழிச்சுக் கீறு" என்பாள். நேராக வந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். யாரையும் அடித்ததில்லை, யாரையும் மெச்சியதுமில்லை. மூன்று வருடத்துக்கு முன் அக்கா கீறிய கொப்பியைத் தம்பி கொண்டுவந்து காட்டி, இருபதுக்குப் பதினாறு வாங்கிய கதையும் உண்டு. அது அக்காவின் கொப்பி என்று ரீச்சருக்குத் தெரிந்தே இருந்தது. சொல்லிச் சண்டை பிடிக்க அவளுக்கு மனமில்லை.

அவள் எப்போதும் அப்படி இருந்தவளல்ல. ஆசிரியப் பயிற்சிக்குப் போன காலத்தில் அவள் கையில் ஒரு கரித்துண்டு அகப்பட்டால் வீட்டுச் சுவர் தப்பாது. மற்றப் பெண்பிள்ளைகள் பூச்சாடியும் தெய்வப் படமும் கீற, இவள் தபாற்கந்தோர் வாசலில் கடிதம் வாசிப்பிக்கக் காத்திருக்கும் பெண்களைக் கீறினாள். பாயில் காயும் பனங்கிழங்கு ஒடியலையும், மாட்டுக்கு லாடம் அடிக்கிறவனின் வளைந்த முதுகையும் கீறினாள். ஐம்பத்தோராம் ஆண்டு மார்க்கண்டுவைக் கலியாணம் செய்தபோது, அவருக்குத் தெற்கே ஒரு சிங்கள ஊரில் பலசரக்குக் கடை இருந்தது. வருடத்தில் இரண்டு தரம் ஊருக்கு வருவார். மற்ற மாதங்களில் அவள் மட்டையில் கீறிய படங்களைத் தபாலில் அனுப்புவாள். அவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டு, அரிசி மூட்டைகளுக்கு மேலே சுவரில் மாட்டினார். "சாமான் வாங்க வருகிற ஆட்கள் இது யார் கீறியது என்று கேட்கிறார்கள். என்னுடைய நோனா, என் மனுஷி, என்று சொல்கிறேன்" என்று அவர் எழுதிய கடிதத்தை அவள் பலமுறை வாசித்திருக்கிறாள். ஏழு வருடத்தில் அந்தச் சுவரில் இருபத்து மூன்று படங்கள் சேர்ந்தன.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு வைகாசியில், தெற்கில் தமிழரை அடித்து விரட்டிய கலவரத்தில் கடை எரிந்தது. பதினெட்டு நாள் மார்க்கண்டுவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பத்தொன்பதாம் நாள், காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கிய சனத்தோடு சனமாக, யாரோ கொடுத்த தொளதொளத்த சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் வந்து படலையைத் திறந்தார். அயலில் இரண்டு வீடுகளுக்கு ஆட்கள் திரும்பி வரவே இல்லை. அந்த வீடுகளிலிருந்து அழுகுரல் கேட்டுக்கொண்டிருக்க, இலட்சுமிப்பிள்ளை புருஷனுக்குச் சோறு போட்டாள். அவர் குனிந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுடைய நெஞ்சுக்குள், 'என்ரை படங்கள்' என்று ஒரு நினைப்பு எழும்பிவிட்டது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மனிதர் செத்துக் கிடக்கிற நேரத்தில் மட்டையையும் சாயத்தையும் நினைக்கிறவள் என்ன பெண்? அந்த நினைப்பை அப்போதே அடக்கினாள். படங்களைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் அந்த ஊரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் சாயப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்து பார்த்தாள். தூரிகையை நனைத்ததும் அதே அருவருப்பு திரும்பி வந்தது. பெட்டியைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட அலுமாரியில் வைத்தாள். சாயங்கள் அங்கேயே கிடந்து இறுகிக் கல்லாகின. மார்க்கண்டு ஊரிலேயே ஒரு சின்னக் கடை போட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. பதினைந்து வருடம் அப்படியே போய்விட்டது. யாராவது கேட்டிருந்தால், தனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு கல்வித் திணைக்களத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. இனி ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலும் படிப்பிக்க வேண்டும். அந்தந்த இடத்துக்கு ஏற்றதைப் பள்ளிக்கூடமே தெரிவு செய்யலாம் என்று அதில் இருந்தது. அதிபர் அரியநாயகம் ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பிரித்துக் கொடுத்தார். மீன்பிடி ஒருவருக்கு, ஓலை பின்னும் பன்னவேலை தையல் ரீச்சருக்கு. கடைசியில் இலட்சுமிப்பிள்ளையைப் பார்த்தார்.

"ரீச்சர், உங்களுக்கு மட்பாண்டம்."

"சேர், எனக்கு ஏலாது. சட்டி எப்பிடிச் செய்யிறது எண்டே தெரியாது."

"சித்திரமும் மண்ணும் கிட்டத்தட்ட ஒண்டுதானே. கை வேலைதானே."

"அது வேறை, இது வேறை சேர்."

"எனக்கும் தெரியும் ரீச்சர். ஆனா வேறை ஆள் இல்லை. ஒரு பேருக்கு நடத்துங்கோ. வித்தியாதிகாரி வந்து பாத்தால் மேசையிலை நாலு சட்டி இருந்தால் காணும்."

பேருக்கு நடத்துவது அவளுக்குப் பழக்கமான காரியம். சம்மதித்துவிட்டாள்.

பக்கத்துத் தீவில், வேலணையில் மட்பாண்டம் செய்கிற இராசமணி என்ற பெண் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பெருநிலத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். வெளிநாட்டுச் சாமானெல்லாம் அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம். அலுமினியப் பானை வாங்க ஏலாமல் சனம் மண்பானைக்குத் திரும்பியிருந்தது. கள்ளு இறக்கும் முட்டிக்கும் ஓயாத தேவை. இராசமணிக்குத் தலை சொறிய நேரமில்லை. ஒரு சனிக்கிழமை பஸ்ஸேறிக் கடல் நடுவே தாம்போதியால் போய் இலட்சுமிப்பிள்ளை அவளுடைய முற்றத்தில் நின்றபோது, அவள் சக்கரத்தை நிறுத்தாமலே ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் பள்ளிக்கூட ரீச்சர். மண் வேலையைப் பற்றிக் கொஞ்சக் குறிப்பு எழுதிக்கொண்டு போகலாம் எண்டு வந்தனான். நீர் சொன்னால் எழுதுவன்."

'நீர்' என்ற சொல்லைக் கேட்டதும் இராசமணியின் கை ஒருகணம் தாமதித்தது. அந்தப் பக்கத்துப் பெரிய வீட்டு ஆட்கள் அவளை 'நீ' என்றுதான் அழைப்பார்கள்.

"குறிப்பாலை சட்டி வராது ரீச்சர். கொப்பியை அங்காலை வச்சிட்டு இதிலை இருங்கோ."

இலட்சுமிப்பிள்ளை சீலையை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். இராசமணி ஒரு பிடி மண்ணை அவள் கையில் அப்பினாள். பள்ளிக்கூடத்தில் சக்கரம் இல்லாதபடியால், மண்ணைக் கயிறுமாதிரி உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, விரலால் இழைத்து ஏற்றும் முறையைக் காட்டினாள். இலட்சுமிப்பிள்ளையின் முதற்சட்டி ஒரு பக்கம் படுத்துவிட்டது. இரண்டாவதும் படுத்தது.

"ஏன் ரீச்சர் இப்பிடித் தொட்டும் தொடாமலும் பிடிக்கிறியள்? மண் கடிக்காது."

மூன்று சனிக்கிழமை போய்வந்தாள். மூன்றாம் சனிக்கிழமை இராசமணி கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள். அந்தச் செய்தி அவளுக்கு முன்னே ஊருக்கு வந்துசேர்ந்துவிட்டது. மார்க்கண்டுவின் தமக்கை இரஞ்சிதம் அடுத்த நாளே வந்து கதிரையில் இருந்தாள்.

"சட்டிபானை செய்யிற ஆக்களின்ரை வாசலிலை போய்க் குந்தியிருக்கிறியாம். எங்கட குடும்பத்துக்கு இது தேவையோ?"

"அரசாங்கம் சொன்ன வேலை மச்சாள். சம்பளம் வாங்கிறன், செய்யத்தானே வேணும்."

அப்படிச் சொல்லித் தப்பிக்கொண்டாள்.

இராசமணி தனக்கு வேண்டிய மண்ணைப் பெருநிலத்திலிருந்து லொறியில் எடுப்பிப்பவள். "தீவு மண் சரிவராது எண்டு எல்லாரும் சொல்லிறவை. ஏன் எண்டு எனக்குத் தெரியாது" என்று அவள் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு லொறி மண் எடுக்க வசதி ஏது? ஊர்க் குளத்தில் வற்றிய பக்கத்து மண்ணை வெட்டி வந்து, வகுப்புப் பிள்ளைகள் எல்லாருமாக மிதித்துப் பிசைந்தார்கள். முப்பத்தாறு சட்டிகள் உருவாகின. நிழலில் நன்றாகக் காயவைத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, தேங்காய்ப் பொச்சும் வரட்டியும் பனையோலையும் மூடிச் சுட்டார்கள். அடுத்த நாள் சாம்பலைக் கிளறினால், ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் செக்கச்செவேலென்று முழுசாக இருந்தன. அதிபர் தானே ஒன்றைத் தூக்கித் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சட்டிகளை அலுமாரிக்கு மேலும் யன்னல் விளிம்பிலும் வரிசையாக வைத்தார்கள்.

ஐந்தாம் நாள், பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதிகாரி வந்தார். பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொல்லி இருந்த பிறகு வகுப்பு அமைதியாக இருந்தது. அவர் சட்டிகளுக்குக் கிட்டப் போன நேரம், அலுமாரிக்கு மேலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு சட்டியின் வயிற்றிலிருந்து நகத்தளவு ஓடு கழன்று அவர் சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். யன்னல் பக்கம் இன்னொரு 'டிக்'. பிறகு இரண்டு, மூன்று. ஒரு சட்டி வாயிலிருந்து அடிவரை தானாகவே வெடித்து இரண்டாகச் சாய்ந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"உங்கட சட்டியள் கதைக்குது ரீச்சர்" என்றார் வித்தியாதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வருகைப் புத்தகத்தில் எழுதியது அவ்வளவு இதமாக இல்லை.

அவர் போன பிறகு அரியநாயகம் அவளைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். "பிழை என்ரைதான் ரீச்சர். வாற தவணையிலையிருந்து நீங்களும் பன்னவேலையிலை சேருங்கோ. ஓலை வெடிக்காது."

"வேண்டாம் சேர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு தவணை பொறுங்கோ. அது ஏன் வெடிச்சது எண்டு எனக்குத் தெரியவேணும்."

சொல்லிவிட்டு வெளியே வந்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பதினைந்து வருடத்தில் 'எனக்கு வேணும்' என்று அவள் யாரிடமும் கேட்டதாக ஞாபகமில்லை.

அன்று பின்னேரமே உடைந்த ஓடுகளை ஓலைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஓடு கழன்ற ஒவ்வொரு குழியின் நடுவிலும் கடுகளவு வெள்ளைப் பொட்டு ஒன்று இருந்தது. ஊசியால் குத்த மாவாக உதிர்ந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சுள்ளென்று சுட்டது. சுண்ணாம்பு.

தீவில் பிறந்தவளுக்கு அதற்குமேல் யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சிப்பியையும் கடலில் எடுக்கும் முருகைக் கல்லையும் சூளையில் சுட்டுத்தானே ஊரில் சுண்ணாம்பு எடுக்கிறார்கள். சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் அது பொருமிப் பூத்துப் பொடியாகும். குளத்து மண்ணுக்குள் கிடந்த சிப்பித் தூள், சட்டியோடு சேர்ந்து வெந்து, பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பொருமியிருக்கிறது. உள்ளே பொருமினால் ஓடு கழராமல் என்ன செய்யும்?

மண்ணைக் கரைத்துத் தென்னம் பன்னாடையால் வடித்தாள். அது போதாதென்று மார்க்கண்டுவின் பழைய வேட்டியால் வடித்தாள். வீட்டுப் பின்வளவில் சின்னதாக ஒரு கிடங்கு வெட்டி, இரண்டு இரண்டு சட்டியாகச் சுட்டுப் பார்த்தாள். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மண்தான். ஒருநாள் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வடிந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருந்ததில், குசினி முழுக்கப் புகை. அடிப்பிடித்த சோற்றை மார்க்கண்டு முழுக்கச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "நாளைக்கும் சுடுறீரோ? அப்ப நான் கடையிலை பாண் சாப்பிட்டிட்டு வாறன்" என்றார். அவர் பகிடி விட்டு எத்தனை வருடம் என்று அவள் யோசித்தாள்.

அந்த வருடம் மாரி பொய்த்தது. நல்ல தண்ணீர்க் கிணறுகளில் வாளி அடிதட்டியது. குடிக்கவே குடத்துக்கு வரிசையில் நிற்கிறபோது, மண் கரைக்க நல்ல தண்ணீர் எடுத்தால் ஊர் திட்டும். அவளுக்கும் மனம் வராது. கடல் இருநூறு கெஜ தூரத்தில் கிடந்தது. இரண்டு வாளி கடல்நீர் கொண்டுவந்து மண்ணைக் கரைத்தாள். மனம் முழுக்க நம்பிக்கையில்லை. சட்டிகள் காயக் காய மேலெல்லாம் உப்புப் பூத்து, பார்க்கவே சொறி பிடித்த மாதிரி இருந்தன. எறிந்துவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, இவ்வளவு செய்தாயிற்று, சுட்டுப் பார்த்துவிட்டு எறிவோம் என்று கிடங்கில் வைத்தாள். மற்றவற்றோடு கலந்துபோகாமலிருக்க உப்புத் தண்ணீர்ச் சட்டிகளின் அடியில் ஆணியால் ஒரு கோடு இழுத்தாள்.

சாம்பலைக் கிளறியபோது கோடிழுத்த சட்டிகள் மட்டும் சிவப்பாக இருக்கவில்லை. மேற்தோல் வெளிறி, பால்விட்ட தேத்தண்ணிக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு நிறமாக இருந்தது. மூன்றாம் நாள் மற்றச் சட்டிகள் சத்தம் போடத் தொடங்கின. இவை போடவில்லை. ஒரு கிழமை போயிற்று. பத்து நாள் போயிற்று. காலையில் எழும்பியதும் முகம் கழுவுமுன் போய்ச் சட்டிகளுக்குக் கிட்டக் காதை வைத்துக் கேட்பாள்.

ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலணைக்குப் போனாள். இராசமணி அதை விரலால் சுண்டினாள். முகர்ந்து பார்த்தாள்.

"உப்புத் தண்ணியிலை ஆரும் மண் பிசைவினமோ ரீச்சர்?"

"நான் பிசைஞ்சனான்."

"ஏன் இது வெடிக்கேல்லை?"

"எனக்குத் தெரியாது. உப்புக்கும் சுண்ணாம்புக்கும் உள்ளுக்கை ஏதோ நடக்குது. என்ன எண்டு தெரியாது."

"இஞ்சை வச்சிட்டுப் போங்கோ. நான் நம்பேல்லை."

மூன்று கிழமைக்குப் பிறகு பஸ் நடத்துநர் மடத்துவெளியில் இறங்கி நின்று, "ரீச்சர், உங்கட சட்டி இன்னும் வாய் திறக்கேல்லையாம். வேலணையிலை சொல்லிவிட்டவ" என்றார். பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. இலட்சுமிப்பிள்ளை வீதியில் நின்று சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை இராசமணியே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறி வந்தாள், தீவு மண் எங்கே வெட்டுகிறது என்று பார்க்க. பின்வளவில் இரண்டு பேரும் முழங்கைவரை மண்ணோடு நின்றபோது இரஞ்சிதம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதன் பிறகு ஐந்தாறு மாதம் அவள் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் இலட்சுமிப்பிள்ளை அதற்காகப் பின்வளவை மூடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அவள் வெளிறிய கோப்பையொன்றை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையகலக் கோப்பை. வழவழவென்ற வெறும் தோல். முதல் நாள் குறிகட்டுவான் இறங்குதுறையில், நயினாதீவு வள்ளத்துக்குக் காத்து நின்ற ஒரு கிழவியைக் கண்டிருந்தாள். ஒரு கையில் கோழி, மற்றக் கையில் குடை; காற்றுக்குக் குடை மறுபக்கம் பிரள, கோழியை விடவும் மனமில்லாமல், குடையை விடவும் மனமில்லாமல் அந்த மனுஷி ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தச் சுற்று இந்த வட்டக் கோப்பையில் சரியாக வரும் என்று அவளுக்குப் பட்டது. பட்டதும் எழும்பிப் போய்ச் செம்மண்ணைக் குழைத்தாள். ஈர்க்கு ஒன்றின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கினாள். முதற்கோடு கோணியது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். குடை வந்தது. கோழி வந்தது. கிழவியின் சீலைத் தலைப்பு கோப்பையைச் சுற்றிப் போய் மற்றப் பக்கத்தால் அவள் காலடிக்கே வந்து சேர்ந்தது.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். மார்க்கண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. அவளுக்கு உடனே அந்தப் பழைய அருவருப்பு எழும்பியது. கோப்பையைச் சீலைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"விடும். காயமுன்னம் அழியப்போகுது" என்றார். வாங்கில் இருந்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடைச் சுவரிலையிருந்து ஒண்டை எடுத்தனான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஓடேக்கை ஒண்டை மட்டும் கழட்டி, சட்டத்தை உடைச்சு, மட்டையைச் சேட்டுக்குள்ளை வச்சனான். மூண்டு நாள் வச்சிருந்தன். அகதி முகாமிலை நிலமெல்லாம் ஈரம். பிள்ளை பெத்துப் பத்து நாள்கூட ஆகாத ஒருத்தி, குழந்தையைக் கிடத்த ஒண்டுமில்லாமல் அழுதுகொண்டு இருந்தாள். உம்மடை மட்டைதான் தடிப்பாய் இருந்தது. எடுத்துக் குடுத்திட்டன்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை. உமக்கு அதுகளைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லையாக்கும் எண்டு நினைச்சன். குடுத்தது பிழையோ எண்டும் இருந்தது."

இத்தனை வருடமும் இரண்டு பேரும் அதே சுவரைத்தான் நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அழுகை வந்தது, அழுதாள். அவர் தடுக்கவில்லை. கடைசியில் மூக்கைச் சீறிவிட்டு, "எந்தப் படம்?" என்று கேட்டாள்.

"உரலும் காகமும்."

"இருவத்தி மூண்டுக்குள்ளையும் அதுதான் ஆகத் திறமில்லாதது."

"எனக்குக் கைக்கெட்டினது அதுதான்" என்றார் மார்க்கண்டு. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பையில் செம்மண் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பிறகு அவள் கையை யாராலும் நிறுத்த முடியவில்லை. சைக்கிள் கரியரில் பனங்கிழங்குக் கட்டோடு போகிறவன், தாம்போதியில் நண்டு பிடிக்கிறவர்கள், மழைக்குப் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்ட ஆடு எல்லாம் சட்டியிலும் கோப்பையிலும் வந்தன. வகுப்பில் மாம்பழமும் குடையும் நின்றுபோயின. "நேற்று என்ன கண்டியள், அதைக் கீறுங்கோ" என்றாள். பிள்ளைகள் முதலில் திகைத்தார்கள். பிறகு வகுப்பில் ஓயாத சத்தம். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் முறைப்பாடு சொல்ல, அரியநாயகம், "சட்டி சத்தம் போடேல்லை எண்டால் பிள்ளையள் போடுதுகள். ஏதோ ஒண்டு" என்று விட்டுவிட்டார்.

எழுபத்தாறில் பட்டினத்தில் நடந்த பாடசாலைக் கண்காட்சிக்கு நாற்பது சட்டிகள் போயின. இலட்சுமிப்பிள்ளை இராசமணியையும் சக்கரத்தோடு கூட்டிக்கொண்டு போனாள். பெயர்ப் பலகையில் தன்னுடைய பெயர் மட்டும் எழுதியிருப்பதைக் கண்டு, அங்கேயே நின்று கீழே இராசமணியின் பெயரையும் எழுதினாள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவர்கள் கிளிஞ்சல் பொம்மை செய்த பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் சனம் இவர்களுடைய மேசையைச் சுற்றித்தான் நின்றது. ஒரு மனுஷன் கோழிக் கிழவியைப் பார்த்துவிட்டு, "இது எங்கட பெரியம்மா" என்று சாதித்தார். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

எழுபத்தெட்டில் நெடுந்தீவுப் பள்ளிக்கூடமொன்றிலிருந்து சறோஜினிதேவி என்ற இளம் ஆசிரியை கடிதம் எழுதியிருந்தாள்: எங்களுடைய பிள்ளைகளுக்கும் மண் வேலை காட்ட மூன்று நாள் வந்து நிற்க முடியுமா? இலட்சுமிப்பிள்ளைக்கு அப்போது ஐம்பது. அதுவரை நெடுந்தீவுக்குப் போனதில்லை. வள்ளத்தில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டும். மார்க்கண்டு குறிகட்டுவான்வரை வந்து, முகர்ந்துகொள்ளத் தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்து அனுப்பினார். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

மூன்று நாளும் வேலை பறந்தது. கடைசி நாள் பின்னேரம் வள்ளத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. சறோஜினிதேவி அவளை மேற்குப் பக்கத்து வெளிக்கு நடத்திக்கொண்டு போனாள். முருகைக்கல் மதில்களுக்கு அப்பால் வெறும் புல்வெளி, மரமில்லை. அங்கே கட்டையான குதிரைகள் ஏழெட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிடரி மயிர் கண்ணை மூட, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒரு குட்டி தாயின் வயிற்றுக்கு அடியால் நுழைந்து மற்றப் பக்கம் வந்தது. திரும்பவும் நுழைந்தது.

இலட்சுமிப்பிள்ளை மதிலில் இருந்துகொண்டாள். "ஒரு தாள் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டாள். சறோஜினிதேவி கொப்பியிலிருந்து கிழித்துக் கொடுத்தாள். ஒன்று முடிய இன்னொன்று. குதிரைகள் அசைந்தன, அவளும் மதிலோடு நகர்ந்தாள். வெயில் சாய்ந்தது. சறோஜினிதேவி இரண்டு தரம் நேரத்தைச் சொன்னாள். "ஓம், வாறன்" என்று பதில் வந்ததே தவிர ஆள் எழும்பவில்லை. தூரத்தில் வள்ளத்தின் எஞ்சின் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அது மெலிந்து மெலிந்து ஓய்ந்தது.

"வள்ளம் போயிட்டுது ரீச்சர்" என்றாள் சறோஜினிதேவி, தன் பிழைபோல.

"போயிட்டுதோ?" இலட்சுமிப்பிள்ளை தலை நிமிர்த்திக் கடலைப் பார்த்தாள். "வீட்டிலை தேடப்போறார். தபாற்கந்தோராலை சொல்லிவிட ஏலுமோ?"

"ஓம், சொல்லலாம். இண்டைக்கும் எங்கட வீட்டிலை நில்லுங்கோ. நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு ஒரு வள்ளம் இருக்கு. பின்னேரமும் ஒண்டு இருக்கு."

குட்டி மறுபடி தாயின் வயிற்றுக்கு அடியால் வந்து, காதை விறைத்துக்கொண்டு இவர்களைப் பார்த்தது.

"பின்னேர வள்ளத்திலை வாறன் எண்டு சொல்லிவிடும்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. தாளை மறுபக்கம் திருப்பினாள்.